காவேரியின் அளவு ரவிக்கை

வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவளுக்கு மத்தியானத் தூக்கம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கடை வைத்திருக்கிற டெய்லருக்காவது ஒரு கதவு உண்டு, பூட்டு உண்டு. நமக்கு அடுப்பும் மிஷினும் ஒரே அறையில். குழம்பு கொதிக்கும் நேரம் பார்த்து ஒருத்தி வந்து, "கழுத்து புடிக்குது" என்பாள். புளி கரைத்த கையோடு அவள் கழுத்தை எட்டிப் பார்க்க வேண்டும். என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து ஊருக்குத் தைத்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையாட்ட ஆரம்பித்திருப்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

நான் தைத்தது சாமல்பட்டி ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டுக்காரர் அங்கே தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்பா சீராகக் கொடுத்த கைமிஷின் என்னுடையது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடது கையால் துணியைத் தள்ள வேண்டும். மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்களுக்குப் பெண்ணே தைக்கிற வீடு சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் என்பதால் கல்லாவி, சிங்காரப்பேட்டையிலிருந்தெல்லாம் வருவார்கள். எல்லோருக்கும் நான் "மிஷினம்மா". பெற்றோர் வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

கந்தல் டப்பா

எனக்குப் பழைய பொருள் என்றால் ஒரு கிறுக்கு. அதை வளர்த்துவிட்டவர் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த வெள்ளைக்கார ரயில் கார்டின் மனைவி. சீமைக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தார். மூடியில் குதிரை வண்டியும், கூரையெல்லாம் பனி விழுந்த வீடும் இருக்கும். உள்ளே சிப்பிப் பொத்தான், பித்தளைப் பொத்தான், ஒரு முழம் லேஸ். அன்றிலிருந்து நான் தைக்கிற ஒவ்வொரு துணியிலும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து அதில் போட்டு வைப்பேன். சாவகாசமாக இருக்கிற நாளில் டப்பாவைக் கவிழ்த்து, இது யார் கல்யாணத்துக்கு, இது யார் பிள்ளைக்கு மொட்டையடித்தபோது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொழிலுக்கும் அது உதவியது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மூட்டையில் பேர் எழுதிச் சீட்டு வைத்தால் அவர்களுக்குப் பிரயோசனமில்லை. அதனால் தைத்த துணியை மூட்டையாகக் கட்டும்போது அந்த வீட்டின் பழைய துண்டு ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்து மேலே முடிந்துவிடுவேன். அலமாரியைப் பார்த்ததுமே, "அதோ, எங்கூட்டுது" என்று கை காட்டிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டை கூட வீடு மாறிப் போனதில்லை என்று எனக்கு ஒரே கர்வம். அந்தக் கர்வத்தை மதிக்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரிசி டப்பாவுல கை வுட்டா அடி தட்டுது. கந்தல் டப்பா மட்டும் மூடி நிக்காம வழியுது."

அளவுக்கு ஒன்று

எங்கள் பக்கத்தில் அப்போது உடம்பில் டேப் வைத்து அளக்க விட மாட்டார்கள். பெண்ணே பெண்ணை அளந்தாலும் கூச்சம். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். அதற்குப் பேர் அளவு ரவிக்கை. அதை விரித்து வைத்துப் புதுத்துணியை வெட்ட வேண்டியதுதான். ஆள் வர வேண்டாம், ரவிக்கை வந்தால் போதும்.

கல்லாவி பச்சியம்மா கொண்டு வந்த அளவு ரவிக்கை கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பொட்டு போட்ட சீட்டித் துணி. கக்கத்தில் சாயம் வெளுத்திருந்தது. அவர் மகள் காவேரி பதினாறு வயசில் போட்டுக்கொண்டிருந்தது, நான் தைத்ததுதான். காவேரியை ஓசூருக்கு அந்தப் பக்கம், தளி போகிற வழியில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான ஆறாம் மாசம், சம்பந்தி நல்ல மாடு என்று சொன்னதை நம்பி, காவேரியின் அப்பா மாரப்பன் அந்தப் பக்கத்துச் சந்தையில் ஒரு காளை வாங்கி ஓட்டி வந்தார். வந்த பத்தாம் நாள் அது நொண்டியது. "ஏமாத்திட்டான்" என்று இவர் சொல்ல, "மாடு வெச்சுக்கத் தெரியாதவன்" என்று அவர் சொல்ல, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. இனி மகள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது, அவள் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று மாரப்பன் சொல்லிவிட்டார். காளையை மட்டும் அவர் விற்கவில்லை. சம்பந்தியைத் திட்டிக்கொண்டே அதற்குத் தவிடு வைப்பாராம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மகளுக்கு ஒரு ரவிக்கையாவது போய்ச் சேர வேண்டும் என்று பச்சியம்மாவுக்குப் பிடிவாதம். ஊர் ஊராகப் போகிற வளையல்காரர் ரங்கையா யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுப்பார். தாயும் மகளும் பார்த்துக்கொள்ளாமல் அப்படியே மூன்று வருஷம் ஓடியது. அந்தத் தீபாவளிக்கும் அதே கத்திரிப்பூ ரவிக்கையைக் கொண்டு வந்து வைத்தபோது, "பொண்ணு இந்நேரம் வளர்ந்திருக்கும்க்கா, ஒரு விரக்கடை கூட்டிப் போடட்டுமா?" என்று கேட்டேன். பச்சியம்மா அதை மடியில் போட்டுச் சுருக்கம் நீவினார். "வேணாந் தங்கச்சி. நான் கண்ணால பாக்கற வரைக்கும் அவ அந்த அளவுலயே இருக்கட்டும்."

பச்சியம்மா ரவிக்கை போட்டது

சரி என்று சொல்லிவிட்டு, உள்தையலில் மட்டும் தாராளமாகத் துணி விட்டுத் தைத்தேன். வேண்டுமானால் அந்தப் பெண் பிரித்து விட்டுக்கொள்ளட்டும். தாயிடம் பொய் சொல்லியும் மகளுக்குச் சரியாகத் தைப்பது நம் தொழிலில் ஒரு கலை, உங்களுக்கே தெரியும்.

பச்சியம்மாவுக்கு வேறொரு தொல்லை இருந்தது. என் வீட்டுக்கு வருவதற்குப் புருஷனிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். முதல் தடவை வாயில் வந்தது, "எனக்கு ரவிக்கை தெக்கணும்" என்பது. அவர் அதுவரை ரவிக்கையே போட்டதில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு களை எடுத்தவர். மாரப்பன் ஏற இறங்கப் பார்த்தாராம். ஆனால் அடுத்த சந்தையில் தாமே துணி கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். அது இரண்டு ரவிக்கைக்குக் காணும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதேபோல இரண்டுக்குக் காணும்படியே கிழித்து வருவார். "துணி அளவு தெரியாத மனுசன்" என்று பச்சியம்மா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் மகளுக்கு ஒன்று, கண் மதிப்பில் தாய்க்கு ஒன்று என்று வெட்டுவேன்.

சொன்ன பொய்க்காக அந்தம்மா அதைப் போட்டுக் காட்டியாக வேண்டுமே. முதன்முதலாகப் போட்டுக்கொண்டு மறைப்புக்குப் பின்னாலிருந்து வந்தபோது இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல் தூக்கிப் பிடித்திருந்தார். "கையைக் கீழே போடுங்கக்கா" என்றேன். "போட்டா கிழிஞ்சுடாதா?" என்றார். கல்லாவி வரை அப்படியே நடந்து போயிருப்பார் போல. மறுமுறை வந்தபோது கை கீழே இறங்கியிருந்தது. ஆனால் முகம் மட்டும் இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஒரு பொண்ணப் பெத்ததுக்கு இந்த வயசுல எதெதுக்குள்ள எல்லாம் கைய வுட வேண்டியிருக்குது, பாத்தியா" என்றார்.

பட்டாளத்துக் கோட்டு

இடையில் ஒரு கோட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதன் துண்டும் என் டப்பாவில் இருக்கிறது. சண்டைக்குப் போய்விட்டு வந்த பெருமாள் என்பவரின் மனைவி, அவருடைய பட்டாளத்துக் கோட்டை எடுத்து வந்து, இரண்டு பையன்களுக்கும் ஆளுக்கொரு நிஜார் ஆக்கிக் கொடுக்கச் சொன்னாள். கம்பளித் துணி, ஊசி இறங்காது. நான் இரண்டு ஊசியை ஒடித்துக்கொண்டு வைதுகொண்டிருந்தபோது பெருமாளே வந்து நின்றார். பேசத் தயங்கிக்கொண்டு நின்றவர், இடது பக்கத்து மேல் ஜோப்பை மட்டும் வெட்டாமல் அப்படியே எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "அதில் என்னண்ணா?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா. அங்க இருந்தப்ப வூட்டுக் கடுதாசியெல்லாம் அதுலதான் இருந்தது" என்றார்.

ஜோப்பைப் பிரித்து ஓரம் மடித்துத் தனியாகக் கொடுத்தேன். நிஜாரை வாங்க வந்த அவர் மனைவியிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்: "அந்தக் கடுதாசி எல்லாம் போஸ்டாபீசுக்காரரு எழுதுனதும்மா. 'சவுக்கியம்னு போடுங்க'ன்னு மட்டுந்தான் நான் சொன்னன், மீதி அவரு என்னா எழுதுனாரோ எனக்கே தெரியாது."

வளையல்காரர் கொண்டு வந்த நூல்

நான்காவது வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மாசம் இருக்கும். பச்சியம்மா என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ரங்கையா வந்து வளையல் சரங்கள் கோத்த மலாரத்தைத் தோளிலிருந்து இறக்கினார். பொங்கலுக்கு அனுப்பிய ரவிக்கையைத் திருப்பி எடுத்து வைத்தார். பச்சியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இது பத்தலியாம்மா. உள்ள வுட்டிருந்தத எல்லாம் பிரிச்சும் பத்தல" என்று சொல்லி, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு இருந்தது. காவேரி தன்னைத் தானே அளந்து முடிந்து அனுப்பியது. முதல் முடிச்சு வரைக்கும் கை, கடைசி முடிச்சு வரைக்கும் மார்பு.

காவேரிக்கு ஏழாவது மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய்வீட்டார் போய் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். "ஆள் வந்து கூப்பிட்டா அனுப்பறோம், வரலைன்னா இங்கேயே ஆகட்டும்" என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். சொன்னதில் தப்பில்லை. கூப்பிடத்தான் ஆள் இல்லை. முதல் பிள்ளைக்குத் தாய்வீடு எட்டிப் பார்க்கவில்லை என்ற பேச்சை அந்தப் பெண் ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். அதைவிட, அவளுக்குப் பயம். "பயமா இருக்குதுன்னு நைனா கிட்டச் சொல்லச் சொல்லுங்க" என்று ரங்கையாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நைனா என்றால் அப்பா. யார் போய் அந்த நைனாவிடம் சொல்வது என்பதுதான் பிரச்சினை. பச்சியம்மா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, "நெஜந்தானா?" என்று. ரங்கையா மலாரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "போன தபா போட்ட வளையல் அளவு இந்தத் தபா ஏறலம்மா. அவ வாயால சொல்றதுக்கு மிந்தியே கை சொல்லிடுச்சு."

இரண்டு முடிச்சு

அடுத்த இரண்டு வாரமும் பச்சியம்மா, "இன்னைக்குச் சொல்லிடறன்" என்று கிளம்பிப் போவார். புருஷன் சாப்பிட உட்காரும்போது சொல்லலாம் என்று நினைப்பாராம், அவர் சம்பந்தியைத் திட்ட ஆரம்பித்துவிடுவாராம். மாட்டுக்குத் தவிடு வைக்கும்போது சொல்லலாம் என்று போவாராம், காளையைப் பார்த்ததும் வாய் அடைத்துவிடுமாம். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு நொண்டி மாட்டுக்காக ஒரு பெண் அங்கே பயந்து கிடக்க வேண்டுமா? ஆனால் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? மிஷின் சக்கரத்திடம்தான் காட்டினேன்.

சரி, ரவிக்கையையாவது தைத்து அனுப்புவோம் என்று முடிவு செய்தோம். பிள்ளை பிறந்த பிறகும் உதவட்டும் என்று முன்பக்கம் கொக்கி வைத்து, நன்றாகப் பெரிதாக வெட்ட உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு நூலைக் கேட்டால் பச்சியம்மா தர மாட்டேன் என்கிறார். அதன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து வட்டமாகத் தரையில் வைத்தார். வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க தங்கச்சி" என்றார்.

எங்கூட்டு மூட்டை

இப்போது என் கர்வம் கீழே விழுந்த கதை. காவேரியின் புது ரவிக்கை, அளவு ரவிக்கை, நூல் மூன்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, கத்திரிப்பூச் சீட்டித் துண்டை மேலே முடிந்து அலமாரியில் வைத்தேன். பச்சியம்மா வந்து வாங்கி ரங்கையாவிடம் சேர்ப்பதாக ஏற்பாடு. அதே அலமாரியில் மாரப்பனின் கைவைத்த பனியனும் இருந்தது. தோளில் கிழிந்ததைத் தைப்பதற்குப் பச்சியம்மாதான் கொண்டு வந்து போட்டிருந்தார். அதையும் மூட்டையாகக் கட்டி, அதே வீடு என்பதால் அதே கத்திரிப்பூத் துண்டையே முடிந்திருந்தேன். வீடு மாறாமல் இருக்க வழி கண்டுபிடித்தவளுக்கு, ஒரே வீட்டுக்குள் ஆள் மாறுமே என்று தோன்றவில்லை.

கடலைக்காய் மூட்டை ரயிலில் போடுவதற்காக ஸ்டேஷனுக்கு வந்த மாரப்பன், போகிற போக்கில் என் வாசலில் நின்று, "எங்கூட்டு மூட்டையக் குடும்மா" என்றார். எனக்கோ சேலம் பாசஞ்சர் வருவதற்குள் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொடுத்தனுப்பியாக வேண்டும். கைக்கு வந்த கத்திரிப்பூத் துண்டைப் பிடித்து இழுத்து, மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். சாதத்தை அமுக்கித் தூக்கில் வைக்கும்போதுதான் அலமாரியில் இன்னொரு கத்திரிப்பூத் துண்டு கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தேன். பனியன்.

தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்து வேப்பமரத்தடி பெஞ்சில் மாரப்பன் உட்கார்ந்திருந்தார். மூட்டை பிரிந்து மடியில் கிடந்தது. அளவு ரவிக்கையைத் தொடை மேல் விரித்து, அதன் மேல் புது ரவிக்கையை வைத்து, சின்னதற்கு வெளியே பெரியது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். நூல் அவர் இடது கையில் சுற்றியிருந்தது. என்னால் பக்கத்தில் போக முடியவில்லை. கடலைக்காய் மூட்டைகளுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். பாசஞ்சர் வந்து நின்று, போய்விட்டது. அப்புறம் சின்னதைப் பெரியதற்குள் வைத்து மடித்து மூட்டை கட்டிக்கொண்டு எழுந்தவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "இந்தக் கத்திரிப்பூக் கலரு நான் எடுத்ததும்மா, சிங்காரப்பேட்டச் சந்தையில" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டது

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவசரப்பட்டு ஒரு குடும்பத்தின் ரகசியத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வளையல்காரர் வழியாகப் போய்க்கொண்டிருந்த அந்த ஒரு ரவிக்கையும் இனி நின்றுபோகும். டப்பாவைப் பார்க்கவே பிடிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நாலாம் நாள் பச்சியம்மா வந்தார். காலைப் பிடிக்காத குறையாக நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, "ஓ, அதானா" என்றார். தவிட்டுப் பானைக்குப் பின்னால் மூட்டையைப் பார்த்தாராம். நான்தான் மாரப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனோ, ரங்கையா சொல்லிவிட்டாரோ என்று புரியாமல், கேட்கவும் பயந்து, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் வாய் திறக்காமல் நாலு நாள் ஓட்டியிருக்கிறார்கள். "அண்ணன் என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். பச்சியம்மா சொன்னார்: "வேளாவேளைக்குச் சாப்புடறாரு. சம்பந்திய ஒரு வார்த்த திட்டல. அதான் எனக்குப் பயம்."

பழைய வேட்டி

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் மாரப்பனே வந்தார். கக்கத்தில் அதே மூட்டை. கையில் மடித்த வேட்டி ஒன்று. துவைத்துத் துவைத்து நைந்து, பிடித்தால் கையில் இருப்பதே தெரியாத வேட்டி. அதை என் முன்னால் வைத்தார். "இத நாலாக் கிழிச்சு ஓரம் அடிச்சுக் குடும்மா" என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளைக்கென்று தைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் நானும் கேட்கவில்லை. நான் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அவர் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "ஓரம் அடிச்சா உறுத்துமா?" என்று கேட்டார். எனக்கு ஊசியும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உறுத்தும்ணா. ஓரம் வேண்டாம், வெறுமனே கிழித்துத் தருகிறேன்" என்றேன். அதை அவர் வீட்டிலேயே கிழித்திருக்கலாம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கிழித்து மடித்துக் கொடுத்துவிட்டு, உங்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ரவிக்கை விஷயத்தைத் தொடங்கினேன். மாரப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு ரவிக்கைக்குப் போயி நாலு வருசமா ரெண்டு ரவிக்கைத் துணி கிழிச்சுகினு வரனே, எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எங்க போவுதுன்னு தெரியும். அங்க போய்ச் சேரணும்னுதான் கிழிச்சன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் பச்சியம்மாவும் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து அவரே, "இப்பிடி இருக்கான்னுதான் தெரியாமப் போச்சு" என்றார்.

மூட்டையைப் பிரித்துப் புது ரவிக்கையை மட்டும் எடுத்து என் மிஷின் மேல் வைத்தார். அளவு ரவிக்கை அவர் மடியிலேயே இருந்தது. "நூல் எங்கேண்ணா?" என்று கேட்டேன். டப்பாவில் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. "அது எங்கிட்ட இருக்கட்டும்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு புது ரவிக்கையை என் பக்கம் நகர்த்தினார். "இத வளையக்காரரு கிட்டக் குடுத்துடாதம்மா. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானும் அவளும் ஓசூரு போறம். வர வாரம் பொண்ணே இங்க வந்து போட்டுப் பாக்கட்டும்."

காவேரி வந்து போட்டுப் பார்த்ததில் கை மட்டும் அரை விரக்கடை லூசாக இருந்தது. ஆகவே, என்னைப் போலத் தைத்து அவதிப்பட்ட சகோதரிகளே, என் தொழிலில் நான் ஆள் மாற்றிக் கொடுத்தது அந்த ஒரே மூட்டைதான், சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த ஒன்றுதான்.